முதலில் பஸ், அப்புறம் வீடு

நாங்கள் முன்பு குடியிருந்த இடத்தில் முதல் மூன்று வருடத்துக்கு பஸ்ஸே கிடையாது. நகரத்தின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு அது. தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் வந்துவிட்டது, தெருவிளக்குகூட வந்துவிட்டது, பஸ் மட்டும் வரவில்லை. பெரிய சாலைக்கு நடந்து போக இருபத்தைந்து நிமிடம் ஆகும், மழை பெய்தால் அதுவும் முடியாது. அதனால் குடிவந்த எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். முதலில் ஒரு வண்டி வாங்கினோம், வீட்டில் இன்னொருவருக்கு வேலை கிடைத்ததும் இரண்டாவது வண்டி. நான்காம் வருடம் ஒரு பஸ் விட்டார்கள், மணிக்கு ஒன்று. அதில் ஐந்தாறு பேர் ஏறினால் அதிகம். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஆள் ஏறுவதில்லை, தேவை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

தேவை இல்லை என்ற அந்தச் சொல் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தேவை இருந்தது, நாங்கள் குடிவந்த அன்றே இருந்தது. பஸ் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு வீடும் வண்டிக்குக் கடன் வாங்கி, வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் வண்டி இருக்கிறது என்ற கணக்கில் அமைத்துக்கொண்டுவிட்டது. மாதாமாதம் தவணை கட்டும் வண்டியை வாசலில் சும்மா நிறுத்திவிட்டு, மணிக்கு ஒரு முறை வரும் பஸ்ஸுக்கு யார் போய்க் காத்திருப்பார்கள்?

அந்த ஆதங்கத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பொதுப் போக்குவரத்து என்றால் மெட்ரோவா பஸ்ஸா, கட்டணம் எவ்வளவு, ஏசி உண்டா இல்லையா என்றுதான் பெரும்பாலும் வாதம் நடக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறொன்று. எது முதலில் வந்தது? வீடா, அந்த வீட்டிலிருந்து வெளியே போகிற வழியா?

ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்று ஒருவர். ஒசாகாவின் உமேதாவிலிருந்து தகராஸுகா வரைக்கும் மினோ பக்கமும் 1910-ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது அந்தக் கம்பெனியை நடத்தியவர் அவர்தான். பிற்பாடு ஹான்கியூ என்று பெயர் பெற்ற கம்பெனி. வழி நெடுக வயலும் வெட்டவெளியும்தான், யார் இதில் ஏறப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தேகம். அவர் என்ன செய்தார் என்றால், தண்டவாளம் போகும் வழியில் நிலத்தை முன்கூட்டியே வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். இகேதா என்ற ஊரில் அந்த வீடுகளை விற்க ஆரம்பித்ததும் அதே 1910-ல்தான். அதாவது வீடும் ரயிலும் ஒன்றாகவே பிறந்தன. அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போக ரயில் இருந்தது.

அவருடைய அடுத்த யோசனைதான் எனக்கு இன்னும் பிடித்தது. எந்தப் புறநகர் ரயிலுக்கும் இருக்கிற தொல்லை இதுதான்: காலையில் நகரத்துக்குள் போகும் வண்டி நிரம்பி வழியும், திரும்பும்போது காலியாக வரும். மாலையில் அப்படியே தலைகீழ். நடுப்பகலிலும் விடுமுறை நாளிலும் இரண்டு பக்கமும் காலி. ஆனால் ஓட்டுநர், பெட்டி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் செலவு செலவுதான். இதற்கு அவர் கண்ட வழி, பாதையின் இரண்டு முனையிலும் மக்கள் போக ஒரு காரணத்தை உண்டாக்குவது. வெந்நீர் ஊற்றுகள் இருந்த தகராஸுகா முனையில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார், 1914-ல் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது, குழு இன்றும் இருக்கிறது. நகர முனையில், உமேதா ஸ்டேஷனிலேயே 1929-ல் பெரிய பல்பொருள் அங்காடி திறந்தார். அப்புறம் வேலைக்குப் போகாதவர்களும் ரயில் ஏறினார்கள், காலியாகப் போன திசையிலும் ஆள் போனது. ரயில் ஓட்டுகிறவர் ஊரையே சேர்த்து யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லண்டனிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1863-ல் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பிற்பாடு நகரத்துக்கு வெளியே தன் பாதையோரம் வீட்டுமனைகளையும் வளர்த்தது. அந்தப் புறநகர்ப் பகுதிக்கு 1915-ல் மெட்ரோலேண்ட் என்று விளம்பரத்துக்காக ஒரு பெயரும் வைத்தார்கள்.

ஆனால் நிலம் விற்றுப் பாதை போடுவதில் ஒரு பெரிய பள்ளமும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் என்றால் இன்று எல்லோருக்கும் கார்தான் நினைவுக்கு வரும். அந்த நகரம் அவ்வளவு தூரம் பரவியதற்கு முதல் காரணம் கார் இல்லை, ட்ராம். ஹென்றி ஹண்டிங்டன் 1901-ல் தொடங்கிய பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு வண்டிகள் போன இடமெல்லாம் மனைகள் விற்றன, விற்றவர்களில் அவரும் ஒருவர். லாபம் நிலத்தில்தான் இருந்தது, ட்ராம் அந்த நிலத்துக்கு ஆளைக் கூட்டி வருகிற வண்டி. நிலம் விற்றுத் தீர்ந்ததும் கட்டணத்தை மட்டும் வைத்துப் பராமரிக்க வேண்டிய நிலை வந்தது. அதற்குள் கார்கள் பெருகி, பல இடங்களில் ட்ராமும் அதே சாலையில் கார்களுக்கு நடுவே ஊர்ந்தது. கடைசியாக மிஞ்சிய லாங் பீச் பாதையை 1961-ல் மூடினார்கள். 1990-ல், கிட்டத்தட்ட அதே பழைய தடத்தின் மேல், பெரும் செலவு செய்து மறுபடியும் ரயில் விட்டார்கள். நடுவில் போன இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை வீடுகள், எத்தனை அலுவலகங்கள் ரயிலே இல்லை என்ற கணக்கில் கட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஹாங்காங் இந்தப் பள்ளத்தை ஓரளவு தாண்டியிருக்கிறது. அங்கே புதுப் பாதை போடும்போது, ஸ்டேஷனுக்கு மேலேயும் பக்கத்திலும் கட்டடம் கட்டும் உரிமையை அரசு மெட்ரோ நிறுவனத்துக்குத் தருகிறது, அதுவும் ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில். ரயில் வந்ததால் ஏறுகிற மதிப்பு ரயில் போட்டவர்களுக்கே திரும்பி வருகிறது. கடைகளையும் அங்காடிகளையும் விற்காமல் கையில் வைத்துக்கொண்டு வாடகை வாங்குவதால் வருமானம் ஒரே தடவையில் தீர்ந்துபோவதில்லை. மற்ற பல ஊர்களில் மெட்ரோவுக்கு வரிப்பணம் போகிறது, பக்கத்தில் ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவருக்கு லாபம் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஸ்டேஷன் வந்ததால் ஏறிய விலையில் ஒரு பங்காவது பொதுவுக்கு வர வேண்டும்.

ரயில் முதலில் வந்தால் மட்டும் போதுமா என்றால், எங்கே வருகிறது என்பதும் உண்டு. வாஷிங்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில் ஆர்லிங்டன் என்ற கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. மெட்ரோ திட்டம் வந்தபோது, அதை நெடுஞ்சாலையின் நடுவிலேயே தரைக்கு மேல் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. செலவு குறைவு, நிலம் எடுக்கும் தகராறு கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல், வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த பழைய கடைவீதிக்கு அடியில் சுரங்கமாகப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். 1979-ல் பால்ஸ்டன் வரை ரயில் ஓடியது. ஸ்டேஷனை ஒட்டி உயரமான கட்டடம், நான்கைந்து தெரு தள்ளிப் போகப் போக உயரம் குறைந்து, கடைசியில் பழைய தனி வீடுகள் அப்படியே இருக்கட்டும் என்று விதி வகுத்தார்கள். அந்த வீதி உயிர்பிழைத்து, வீடும் வேலையும் கடையும் நெருங்கி நிற்கும் இடமாக மாறிவிட்டது.

நெடுஞ்சாலை நடுவில் இருக்கும் ஸ்டேஷனில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், அவர்களின் பிடிவாதம் புரியும். ஒரு ஸ்டேஷனின் உண்மையான எல்லை, அதைச் சுற்றி ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய தூரம்தான். அந்த வட்டத்தின் நடுவே எட்டு வழிச் சாலை ஓடினால், நல்ல இடத்தை எல்லாம் சாலையும் அதன் இறக்கப் பாதைகளும் பாலங்களும் தின்றுவிடும், மிச்சத்தில் யாரும் குடியிருக்க ஆசைப்பட மாட்டார்கள். கோபன்ஹேகனில் பெரிய அலுவலகங்களை ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டருக்குள் கட்ட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். அந்த நகரம் 1947-ல் போட்ட திட்டத்தை விரல் திட்டம் என்பார்கள். உள்ளங்கை பழைய நகரம், விரல்கள் ரயில் பாதைகள், விரல்களுக்கு இடையே பசுமை. எழுபது எண்பது வருடம் கழித்தும் வரைபடத்தில் அந்தக் கை தெரிகிறது.

இதெல்லாம் ரயிலுக்குத்தான் நடக்கும், பஸ்ஸுக்கு நடக்காது என்று சிலர் சொல்வார்கள். பிரேசிலின் குரிச்சிபாவைப் பார்க்கச் சொல்வேன். கட்டடக் கலைஞரான ஜெய்மி லெர்னர் மேயராக இருந்தபோது, 1974-ல் பஸ்ஸுக்கென்றே தனித் தடங்கள் ஓட ஆரம்பித்தன. அந்தத் தடங்களை ஒட்டி மட்டும் உயரமான அடுக்குமாடிகளைத் தாராளமாக அனுமதித்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் உயரக் கட்டடங்கள் வரிசை பிடித்து நிற்பது தெரியும், கீழே பஸ் எங்கே போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. 1991-ல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே டிக்கெட், பஸ்ஸின் தரையும் நிறுத்தத்தின் தரையும் ஒரே மட்டம், படியேற வேண்டியதில்லை, ஓட்டுநரிடம் சில்லறைக்கு நிற்க வேண்டியதில்லை. மெட்ரோவில் நமக்குப் பிடித்தது பாதி இவைதான், தண்டவாளம் இல்லை.

சரி, ஊர் எப்படி வளர்கிறது என்பது ஒரு பக்கம். தினமும் போய் வருகிறவருக்கு என்ன ஆகிறது?

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது காத்திருப்பு. மணிக்கு ஒரு பஸ் என்றால், நேரம் தெரியாமல் வந்து நிற்பவர் சராசரியாக அரை மணி நேரம் நிற்பார். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஐந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிட வித்தியாசத்தை, வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் உள்ளூர்ப் பயணத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால் காத்திருப்பும் இரண்டு மடங்கு. பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-ல் இதைக் கணக்காகவே எழுதினார். ஒரு தடத்தில் ஆள் கூடினால் பஸ் கூடும், பஸ் கூடினால் எல்லோருக்கும் காத்திருப்பு குறையும், அதனால் இன்னும் ஆள் வருவார்கள். சாலையில் கூட்டம் சேர்ந்தால் எல்லோருக்கும் மோசம், பஸ் தடத்தில் கூட்டம் சேர்ந்தால் ஓர் அளவு வரை எல்லோருக்கும் நல்லது. இதே சக்கரம் பின்னோக்கியும் சுழலும். ஆள் இல்லை என்று பஸ்ஸைக் குறைத்தால் காத்திருப்பு கூடும், இருக்கிற ஆளும் போய்விடுவார்கள், அப்புறம் இன்னும் குறைக்கலாம் என்பார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரே வருடத்தில் அந்தச் சக்கரம் முழுசாகச் சுற்றி முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெட்ரோ வந்தால் சாலை நெரிசல் தீரும் என்று சொல்லித்தான் பல இடங்களில் திட்டத்தை விற்கிறார்கள். அது அப்படி நடப்பதில்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து டூரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, சாலையின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது என்று காட்டியது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் சாலையில் ஓட்டம் குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. பத்துப் பேர் ரயிலுக்குப் போனால், காலியான இடத்தில் வேறு பத்துப் பேர் வண்டியோடு வந்துவிடுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், நெரிசலைக் கரைப்பது ரயிலின் வேலையே இல்லை. நெரிசலில் மாட்டாமல் போக ஒரு வழி இருக்க வேண்டும், வண்டி இல்லாதவரும் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை அது செய்கிறது.

நெரிசலை உண்மையிலேயே குறைத்த ஊர்களில் ஸ்டாக்ஹோம் ஒன்று. 2006 ஜனவரியில் நகரத்துக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்து ஏழு மாதம் சோதித்தார்கள், எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2007-ல் நிரந்தரமாக்கினார்கள். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: கட்டணம் வருவதற்கு நாலு மாதம் முன்பே, 2005 ஆகஸ்டிலேயே, கூடுதல் பஸ்களை விட்டுவிட்டார்கள். வண்டியை விட்டுவிட்டு வா என்று சொல்வதற்கு முன்னால் வருவதற்கு ஒரு வழியை வைத்துவிட்டார்கள். அதே ஊரின் புறநகரான வெல்லிங்பியிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். 1952-ல் மெட்ரோ போய்ச் சேர்ந்தது, நகர மையத்தின் திறப்பு விழா நடந்தது 1954-ல்.

இன்னொன்று, இது என் அம்மாவைப் பார்த்துக் கற்றது. அவர் போகும் இடங்கள் எதுவும் நகர மையத்தில் இல்லை. ஆஸ்பத்திரி ஒரு பக்கம், அங்கிருந்து அக்கா வீடு, வழியில் மருந்து, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். பெரும்பாலான பாதைகளோ சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்தை நோக்கி ஓடுகின்றன, காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறவரை மனதில் வைத்து வரைந்தவை. அம்மா பக்கத்துப் பேட்டைக்குப் போகவும் மையம் வரை போய் மாறித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் புதிதாக டிக்கெட் என்றால் அவர் மாதிரி நான்கு இடம் போகிறவர்தான் அதிகம் கட்டுகிறார். பிள்ளை பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது இன்றும் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது என்பதால், இந்தச் சுமையும் அவர்கள் மேல்தான் விழுகிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம் என்ற ஒரே ஒரு விதி போதும், அதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை.

இப்படிப் பாதைகள் விட்டுவிடுகிறவர்களைப் பற்றி மெடயின் நகரத்தில் மனதார யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றும். கொலம்பியாவின் அந்த ஊரில் 1995-லேயே மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் அது கீழே பள்ளத்தாக்கில் ஓடியது, ஏழைகள் மலைச் சரிவில் இருந்தார்கள். 2004-ல் சரிவின் மேலே சாந்தோ டொமிங்கோ வரை கேபிள் கார் போட்டார்கள், சுற்றுலாவுக்காக அல்ல, வேலைக்குப் போய் வருவதற்காக. கீழே இறங்கியதும் மெட்ரோ.

ஸ்டேஷன் வந்த இடத்தில் வாடகை ஏறுவது பல ஊர்களில் நடக்கிறது. பஸ்ஸும் ரயிலும் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே வாடகை தாங்காமல் இன்னும் வெளியே, பாதை இல்லாத இடத்துக்குப் போகிறார்கள். பிறகு அங்கே பஸ்ஸுக்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்கிறார்கள். பாதை போடும் அன்றே ஸ்டேஷனைச் சுற்றிக் குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும், நிலத்தின் விலை ஏறிய பிறகு யாராலும் முடியாது. இதுவும் வரிசைதான்.

போன வருடம் நாங்கள் வீடு மாற வேண்டி வந்தது. பார்த்ததில் ஒன்று வெளிச்சமாக, காற்றோட்டமாக, எல்லோருக்கும் பிடித்த வீடு. நிறுத்தம் வரை நடந்து பார்த்தேன், பதினைந்து நிமிடம், வந்த பஸ் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று. இன்னொன்று பழையது, ஒரு அறை குறைவு. அதன் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு வேலை நாள் இரவு ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் ஏழு பஸ் போனது. மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் வந்து நின்றார். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன். பதினொன்றே காலுக்கு, ஐந்து வருடமாக அதில்தான் வீட்டுக்குப் போகிறேன், இரண்டு மூன்று தடவை தவிர தவறியதே இல்லை என்றார். அவர் ஏறிப் போனதும் அங்கிருந்தே வீட்டுக்காரருக்கு போன் செய்து, காலையில் முன்பணத்தோடு வருகிறேன் என்று சொன்னேன்.